குங்குமம் வைத்த பொம்மை மீன்

காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே குண்டுகள் 'கடகட'வென்று உருளும். பெட்டியைத் திறந்ததும் பெயின்ட்டும் ரப்பரும் கலந்த வாசம் மூக்கில் ஏறும். மீனை ஏமாற்றுவதற்கென்று மீன் மாதிரியே செய்து, வயிற்றிலும் வாலிலும் மும்முனை முள் தொங்கவிட்ட அந்தச் சாமானுக்குக் கடையில் ஆயிரம் பெயர் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரே பெயர்தான், 'பொம்மை மீன்'. எனக்குப் பதினொரு வயதான ஆண்டு, புரட்டாசி மாதம் முழுக்க நானும் அப்பாவும் கிள்ளானில் ஒரு தூண்டில் கடையில் நின்று ஒரே ஒரு பொம்மை மீனைத் தேர்ந்தெடுத்தோம்.

ஒரு மாதமா என்று சிரிக்காதீர்கள். புரட்டாசியில் எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. அம்மாவின் சட்டப்படி, தின்னக்கூடாது என்பது மட்டுமல்ல, பிடிக்கவும் கூடாது. "சாமி மாசத்துல தூண்டில தொட்டீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுவார். துறைமுகத்தில் லோரி ஓட்டிய அப்பாவுக்கோ ஞாயிறு வந்தால் கேரி தீவுப் பக்கம் நண்பரின் படகில் ஏறி, ஆற்று முகத்தில் சியாக்காப், அதாவது கொடுவா மீன், பிடிக்கப் போயாக வேண்டும். போகாவிட்டால் அன்று முழுவதும் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். ஆனால், தூண்டிலைத் தொடக்கூடாது என்றுதானே சட்டம்? தூண்டில் கடைக்குப் போகக்கூடாது என்று யார் சொன்னது? சனிக்கிழமை காலை பெருமாள் கோயிலில் தீர்த்தம் வாங்கிய கையோடு, நெற்றி நாமம் கலையாமல் நேரே அங்கே போய் நிற்போம்.

அந்த வருடம் எனக்கு அது வேடிக்கை பார்க்கும் விஷயமாக இல்லை. அதுவரை நான் படகில் கால் வைத்ததே கிடையாது. பொம்பளப் பிள்ளைக்கு ஆற்றில் என்ன வேலை என்பார் அம்மா. நான் அழுது, தட்டைத் தள்ளி, பேசாமல் இருந்து (பேசாமல் இருந்ததுதான் அவரை அசைத்தது, வாயாடி நான்) கடைசியில் ஒரு வழியாக இறங்கி வந்தார். "புரட்டாசி முடிஞ்ச மொத ஞாயித்துக்கிழம. ஒரே ஒரு தடவ. பெரிய மனுஷியாயிட்டா அப்புறம் ஆத்துப் பக்கம் பேச்சே கிடையாது, சொல்லிட்டேன்." ஒரே ஒரு தடவைதான் என்றால் போடுகிற பொம்மை மீன் சரியானதாக இருக்க வேண்டாமா?

அதில்தான் எனக்கும் அப்பாவுக்கும் ஓயாத சண்டை. பொம்மை மீனின் வாயில் ஒரு 'நாக்கு' நீட்டிக்கொண்டிருக்கும். நாக்கு நீளமாக இருந்தால் இழுக்க இழுக்க ஆழத்துக்குப் போகும். குட்டையாக இருந்தால் மேலாகவே நீந்தும். அப்பாவுக்குத் தங்க நிறத்தில் நீள நாக்கு வேண்டும். எனக்கு வெள்ளை உடம்பு, சிவப்புத் தலை, குட்டை நாக்கு. அடியில் பூராவும் வேரும் கட்டையுமாகக் கிடக்கிறது என்று அவர்தானே சொன்னார், நீள நாக்கு போனால் மாட்டிக்கொள்ளாதா என்று நான் கேட்டதும் கடை முதலாளிச் சீனர், எல்லாருக்கும் அவர் 'தவுக்கே', விழுந்து விழுந்து சிரித்தார். "உன் மக சொல்றது சரி லா, அண்ணே." அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "சரி லா, ரெண்டு பேரும் ஒரு கட்சி."

என் கைக்கு ஏற்ற குட்டைக் கம்பு ஒன்று, சியாக்காப்பின் செவுள் ஓரம் பிளேடு போல அறுக்கும் என்பதால் நுனியில் கட்டத் தடித்த நூல் கொஞ்சம், எல்லாம் ஒவ்வொரு சனிக்கிழமையாகச் சேர்ந்தன. நான்காவது சனிக்கிழமை சிவப்புத் தலை வீட்டுக்கு வந்தது. நான் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன், முள்ளுக்குப் பஞ்சு சுற்றி.

ஆயுத பூசை வந்தது. லோரியைக் கழுவிச் சந்தனம் வைத்து, ஸ்பேனர்களைத் தாம்பாளத்தில் அடுக்கியிருந்தார் அப்பா. நான் சத்தமில்லாமல் பொம்மை மீனை அவற்றின் நடுவில் வைத்து, இரண்டு கண்ணுக்கும் நடுவே சந்தனமும் குங்குமமும் இட்டேன். கற்பூரம் ஏற்ற வந்த அம்மா அலறிவிட்டார். "அடிப்பாவி! சாமி தட்டுல மீனா?"

"இது சைவ மீனும்மா. பிளாஸ்டிக்கு."

அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். சாமி முன்னால் வைத்த பொட்டை அழிக்கக்கூடாது என்று அம்மாவும் விட்டுவிட்டார். பூசை முடிந்ததும் அதை அப்பாவின் தூண்டில் பெட்டியில் பத்திரப்படுத்தினேன்.

புரட்டாசி முடிய மூன்று நாள் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் அன்று மாலை பெரிய மனுஷியாகிவிட்டேன்.

அத்தைமார்கள் வந்தார்கள். அறையின் மூலையில் தனிப் பாய், தனித் தட்டு, நல்லெண்ணெய், புரட்டாசி என்றும் பாராமல் பச்சை முட்டை, உளுந்தங்களி. எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் சுவரைப் பார்த்து அழுதேன். வயிறு வலிக்கிறது போல என்று அவர்கள் இன்னும் கொஞ்சம் எண்ணெய் கொடுத்தார்கள். புரட்டாசி முடிந்த அந்த முதல் ஞாயிறு விடியற்காலையில் அப்பா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது தெரிந்தது. ஏதோ சொல்ல வந்து, சொல்லாமலே போய்விட்டார். மத்தியானம் வெறுங்கையோடு திரும்பி, மீன் இல்லை என்றார். என் பொம்மை மீனைப் போட்டு வேரில் தொலைத்துவிட்டார், சொல்லப் பயப்படுகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அந்தக் கோபத்தில் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பிறகு பரீட்சை, வேலை, கல்யாணம், செராஸில் வீடு.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் கைபேசி உறை விற்கிறார்கள். படகுத் துறைக்கு வேலி போட்டுவிட்டார்கள். போன மாதம் கிள்ளான் வீட்டில் பரண் சாமான்களை ஒழித்தபோது அப்பாவின் தூண்டில் பெட்டி கிடைத்தது. எல்லாவற்றுக்கும் அடியில், துணியில் சுற்றி, சிவப்புத் தலை. உடம்பில் ஒரு கீறல் இல்லை. முள்ளில் நான் சுற்றிய பஞ்சு பழுத்துப்போய் அப்படியே இருந்தது. கண்ணுக்கு நடுவே குங்குமம் கறுத்திருந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கூடத்தில் இருந்த அப்பாவிடம் நீட்டினேன்.

"அன்னைக்கி இதைப் போடலியாப்பா?"

"அன்னைக்கி நான் எதையுமே போடல, பாப்பா. சும்மா படகுல உக்காந்துட்டு வந்தேன். நீ பொறுக்குன மீன நீதான போடணும்?" பழுத்த பஞ்சை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அம்மாகிட்ட எப்படியாச்சும் பேசிக்கலாம்னு இருந்தேன். நீ மறுபடி ஆசப்பட்டுக் கேப்பன்னு பாத்தேன். நீ அந்தப் பேச்சே எடுக்கல."

நான் அவர் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். முப்பது வருடம் ஒரே வீட்டுப் பிள்ளையும் அப்பனும் இப்படியா இருப்போம்!

"சரி, இப்பக் கேக்கறேன். போலாமாப்பா?"

அப்பா தன் முட்டிகளைத் தடவிக்கொண்டார். "படகுல ஏற முடியாதேம்மா இப்ப" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

எத்தனையோ புரட்டாசி வந்து முடிந்துவிட்டது. அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.