அன்ரனிதாசின் ஷெயார் வழக்கு

எங்கள் சுருவில் கிராமத்தில் கொம்பனி ஷெயார் வைத்திருந்த ஒரே ஆள் அன்ரனிதாஸ். வைத்திருந்தார் என்பதும் சரியில்லை. ஐந்து வருடம் வேலையில் நின்றால் ஷெயார் அவர் பெயருக்கு வரும் என்று நண்டு ஏற்றுமதிக் கொம்பனிக்காரர் கைகுலுக்கிச் சொன்னார்கள். மனுசன் அன்றே ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். கரையில் நண்டு சேர்க்கும் கொட்டிலான கொம்பனி வாடிக்கு அவர்தான் பொறுப்பு. வள்ளங்களில் வரும் நண்டை நிறுத்து, ஐஸ் போட்டு, லொறியில் ஏற்றிவிடுவார். மகள் அன்ரனிட்டாவின் மேற்படிப்புக்கு அந்த ஷெயாரைத்தான் மலைபோல நம்பியிருந்தார்.

ஐந்தாம் வருடம் முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கையில் ஊரில் சூசைமுத்தர் செத்துப்போனார். செத்தவீடு என்றால் அடக்கம் முடியும்வரை எங்களூரில் ஒரு வள்ளமும் இறங்காது, ஒரு வாடியும் திறக்காது. கொம்பனிக்கோ அன்று அவசர ஓடர். முதல்நாள் பிடித்த நண்டு வாடிக்குள் கிடந்தது. லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்க, அன்ரனிதாஸ் வாடிப் பூட்டின் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு சவப்பெட்டி தூக்கப் போய்விட்டார். நண்டு பழுதானது. வேலை போனது. ஒழுங்கீனத்துக்காக நிறுத்தப்பட்டவருக்கு ஷெயாரும் கிடையாதாம், ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறதாம். கைகுலுக்கும்போது இதை ஒருவரும் சொல்லவில்லை.

தொழில் நியாய சபையில் வழக்குப் போட்டார். அதன்பிறகு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறுவதே பிழைப்பாகிவிட்டது. ஒருமுறை தலைவர் விடுமுறை, மறுமுறை கொம்பனிச் சட்டத்தரணிக்குக் காய்ச்சல். ஒவ்வொரு தவணைக்கும் ஒரே வெள்ளைச் சட்டையைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு போய், வெறுங்கையோடு திரும்புவார். பார்க்கிற எங்களுக்கே அலுத்துவிட்டது.

கடைசியில் சாட்சி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். ஊர் வழக்கத்தை எடுத்துச் சொல்ல மீனவர் சங்கத் தலைவர் அம்புறோசும் இன்னும் நாலைந்து பேரும் வருவதாக ஒத்துக்கொண்டார்கள். விசாரணைக்கு முதல்நாள் அம்புறோஸ் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். விடிய, கோயிலில் துக்கமணி கேட்டது. ஊர் அடங்கிவிட்டது. சாட்சிக்காரர் எல்லோரும் அம்புறோஸ் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டுக்கொண்டு நின்றார்கள்.

அன்ரனிதாஸ் வெள்ளைச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். மனைவி கத்தரீனா விடவில்லை.

"நீங்கள் எண்டாலும் போய் வேற தவணை கேட்டுக்கொண்டு வாங்கோ. போகாட்டில் தள்ளுபடி செய்துபோடுவினம். எனக்கு இனி ஏலாதப்பா."

போனார். சாட்சிகள் ஏன் வரவில்லை என்று சபைத் தலைவர் கேட்டார். செத்தவீடு, ஊர் வழக்கம் என்று உள்ளதைச் சொன்னார். கொம்பனிச் சட்டத்தரணி எழுந்தார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

"உம்மட ஊரில இண்டைக்குச் செத்தவீடு?"

"ஓம்."

"அடக்கம் முடிஞ்சுதோ?"

"இல்லை."

"அப்ப நீர் எப்பிடி வந்தனீர்?"

அன்ரனிதாஸ் சபைத் தலைவரைப் பார்த்தார்.

"உம்மட அலுவலுக்கெண்டால் வரலாம். கொம்பனி அலுவலுக்கு ஏலாது. என்ன?"

விசாரணை அத்தோடு முடிந்தது. தவணை கேட்கவும் அவருக்கு மனம் வரவில்லை. வழக்கு தள்ளுபடியானது.

அவர் பஸ்ஸால் இறங்கும்போது நாங்கள் அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கே போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்புறோசின் மகன் மிரோஜன்தான் கிட்டப் போய்க் கையைப் பிடித்தான்.

"அண்ணை, அப்பா சாகமுதல் சொன்னவர். தனக்கெண்டு நிக்காமல் எல்லாரையும் உங்கட சாட்சிக்குப் போகட்டாம். நான் சொன்னனான். ஒருத்தரும் கேக்கேல்லை."

கேளாமல் நின்ற சாட்சிக்காரரில் நானும் ஒருத்தன். தலை குனிந்து நின்றேன். வெட்கமாக இருந்தது.

அன்ரனிதாஸ் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசினாலும் நல்லது என்றிருந்தது.

"நீங்கள் செய்தது சரி," என்றார். "நான்தான் போயிட்டன்."