நான் படிக்காமல் விட்ட புலம்பல்

பள்ளிக்கூடங்களிலிருந்து இன்னும் ஆள் வருகிறது. இலக்கியம் படிப்பதால் என்ன பயன் என்று பிள்ளைகளுக்குப் பேச வேண்டுமாம். சுகமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குக் கதிரையில் இருக்க முடிவதில்லை. எழுந்து முற்றத்தில் நடக்க வேண்டியிருக்கிறது. அதற்கு நான் அறிந்த பதில் ஒன்றுதான். அதை மேடையில் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதிப் பார்க்கிறேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். யாழ்ப்பாணத்தில் கல்லூரிப் படிப்பை முடித்து, கிளாக்கர் உத்தியோகத்துக்குச் சோதினையும் எழுதிவிட்டு, மன்னார்த் தீவில் எங்கள் ஊருக்கு வந்து முடிவுக்காகக் காத்திருந்தேன். கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் தபசு காலம். வாடை ஓய்ந்து சோளகம் இன்னும் எழும்பாத நாட்கள். காற்றே இல்லை. காயப்போட்ட மீனின் மணம் ஊரின் மேல் அசையாமல் நின்றது. ஓரிடத்தில் இருக்க மாட்டேன். தோட்டவெளி வரைக்கும் நடப்பேன், திரும்புவேன், கடற்கரைக்குப் போவேன், அங்கேயும் நிற்கப் பிடிக்காது. ஊர்ப் பேச்சு எதுவும் எனக்குப் பேச்சாகப் படவில்லை. கல்லூரியில் இலக்கியக் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவன் நான். மிகையாகச் சொல்லும் கவி தன் பொருளையே நம்பாதவன் என்று அதில் எழுதியிருந்தேன். ஆசிரியர் அந்த வரியை வகுப்பில் உரத்து வாசித்தார். அதற்குப் பிறகு எதைப் படித்தாலும் எங்கே மிகை, எங்கே குறை என்று தேடுவதே எனக்குப் படிப்பாகிவிட்டது.

தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் கோயில் பந்தலில் பசாம் படிப்பது எங்கள் ஊர் வழக்கம். கர்த்தருடைய பாடுகளை ஒருவர் இராகத்தோடு படிக்க, ஊர் இருந்து கேட்கும். பெரிய வெள்ளிக்கிழமை பின்னேரம் மாதா புலம்பல் வரும். அந்த வருடம் படிக்கிற அண்ணாவியாருக்கு இருமலில் தொண்டை அடைத்துவிட்டது. கோயில் மூப்பர் என்னிடம் வந்து, படித்த பிள்ளை, குரலும் இருக்கிறது, நீ படி என்றார். எனக்குப் பெருமைதான்.

பசாம் எழுதிய கொப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். சிலுவையடியில் நின்று மாதா, மகனைத் தேடி அலைந்ததைச் சொல்லிப் புலம்புகிறாள். தெருவில் காண்கிற ஒவ்வொருவரிடமும் மகனைக் கண்டீர்களா என்று கேட்கிறாள். தண்ணீர் அள்ளுகிறவளிடம் கேட்கிறாள், ஆடு மேய்ப்பவனிடம் கேட்கிறாள், அடைத்த கதவைத் தட்டிக் கேட்கிறாள். ஒரே கேள்வி, ஒரே பதில், பக்கம் பக்கமாக. அது வேண்டாம் என்று முடிவு செய்தேன். சிலுவையிலிருந்து நேரே கல்லறைக்குப் போனால் கதை இறுக்கமாக நிற்கும் என்று எனக்குப் பட்டது.

இங்கே என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தமக்கை. நான் கல்லூரியில் இருந்த காலத்தில், ஒரு வாடைக் காற்றில், அவருடைய ஒரே மகன் போன வள்ளம் திரும்பவில்லை. நான் அண்ணன் என்று கூப்பிட்டு வளர்ந்தவர். உடல் கரைசேராதவருக்கு எங்கள் ஊரில் ஒப்பாரி வைக்க மாட்டார்கள். வைத்தால், அவர் திரும்பி வருகிற வழியைத் தாயே அடைத்தது போலாகிவிடும். வள்ளம் இராமேஸ்வரம் பக்கம் ஒதுங்கியிருக்கும், ஏதாவது கப்பல் ஏற்றிக்கொண்டு போயிருக்கும் என்று சொல்லிக்கொள்வார்கள். அண்ணனுடைய மனைவி, என் மச்சாள், தாலியோடு பெரியம்மா வீட்டிலேயே இருந்தார். பெரியம்மாவும் மீன் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு முன்போலச் சிரித்துப் பேசித் திரிந்தார்.

அவர் அழுவதற்கு ஊர் விட்டுவைத்த இடம் மாதா புலம்பல் ஒன்றுதான். அப்போது பெண்கள் எல்லோரும் அழுவார்கள். யாருக்காக அழுகிறாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியும். முந்திய வருடம் பெரியம்மா பந்தலில் அழுது அழுது மயங்கி விழுந்ததை அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். அது பெண்களின் பழக்கம், இலக்கியத்துக்கும் அதற்கும் என்ன என்று நினைத்தேன்.

பெரிய வெள்ளி வந்தது. புலம்பல் வருகிற இடம் நெருங்க, பெண்கள் சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துப் போட்டு ஒருவரோடு ஒருவர் நெருங்கி இருந்தார்கள். நான் பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கல்லறையில் தொடங்கினேன். இரண்டு அடி போவதற்குள் பந்தலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு பெரியம்மாவின் குரல்.

“தம்பி, அதுக்கு முன்னம் ஒண்டு கிடக்கு.”

“சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுது, பெரியம்மா. கருத்து முன்னமே வந்திட்டுது.”

“கருத்து எனக்கேன் மோனை? நீ அதைப் படி.”

அவர் கெஞ்சவில்லை, தண்ணி தா என்று கேட்பது போலத்தான் கேட்டார். நான் பக்கத்தைத் திருப்பத்தான் போனேன். அதற்குள் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவர், “யாழ்ப்பாணத்து மாதா அழமாட்டாவாக்கும்” என்றார். பந்தல் சிரித்தது. என் காது சுட்டது. ஒருசந்தி நோன்பு இருக்கிற சனம், நேரமும் போய்விட்டது என்று சொல்லி, கல்லறைப் பாட்டை வேகமாகப் படித்து முடித்துக் கொப்பியை மூடினேன். பெண்கள் முக்காட்டை எடுத்துவிட்டு எழுந்து போனார்கள். பெரியம்மா கடைசியாக எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள், அந்தக் கால வழக்கப்படி சனிக்கிழமை காலையிலேயே நடந்த பூசையில், நோன்பெல்லாம் முடிந்தது என்று கோயில் மணிகள் அடித்தன. மணி ஓயுமுன்னே பெரியம்மா வீட்டுப் பக்கம் சத்தம் கேட்டது. ஓடிப் போனோம். முற்றத்து மணலில் இருந்து, மகனுடைய பேரைச் சொல்லி, தலையில் அடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். மாதாவின் பேர் அதில் இல்லை. மச்சாள் அவருடைய வாயைக் கையால் பொத்திப் பொத்திப் பார்த்தார். “மாமி, வேண்டாம், மாமி” என்றார். பொத்த முடியவில்லை. வேலிக்கு வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து இருந்தார்கள், செத்த வீட்டில் இருக்கிற மாதிரி.

தாயே அழுதுவிட்டாளே, இனி என்ன சந்தேகம் என்றது ஊர். சுவாமியாரிடம் ஆத்துமத்துக்குப் பூசை கேட்டார்கள். மச்சாளின் தாலியைக் கழற்றினார்கள். அவர் கொடுக்க மாட்டேன் என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருந்ததாக அம்மா வந்து சொன்னார். நான் அங்கே போகவில்லை. கடற்கரையில் போவதும் வருவதுமாக இருந்தேன்.

பிறகு ஒரு நாள் போனேன். மச்சாள் கறுப்புச் சேலையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கொப்பி என்னிடம்தான் இருக்கிறது, பெரியம்மாவுக்கு இப்போது வந்து படிக்கட்டோ என்று கேட்டேன். அவர் கையை நிறுத்தவில்லை.

“இனி ஏன்? நீங்கள் அண்டைக்குப் படிச்சிருந்தா எனக்கு இன்னும் ஒரு வருசம் அவர் இருந்திருப்பார்.”

கோபமே இல்லை அந்தக் குரலில். உத்தியோகம் கிடைத்துக் கண்டிக்குப் போனேன். அங்கே இரவல் வாங்கியும் சொந்தமாக வாங்கியும் நிறையப் படித்தேன். ஆனால் ஒரு பாட்டை நீளம் என்று சொல்ல அதற்குப் பிறகு நா எழவில்லை. யாரோ ஒருவர் வேறு எங்கேயும் வைக்க முடியாத ஒன்றை அந்த நீளத்துக்குள் வைத்திருக்கக்கூடும். அது இல்லாமல் போனால் அவர் வெறும் முற்றத்தில் இருந்து அழ வேண்டிவரும். இலக்கியத்தின் பயன் என்று நான் அறிந்தது இவ்வளவுதான்.

அடுத்த பெரிய வெள்ளிக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்து, நானே கேட்டு வாங்கிப் படித்தேன். ஒரு சொல் விடவில்லை. அடைத்த கதவைத் தட்டுகிற இடத்தில் என் குரல் உடைந்தது. பந்தல் முழுக்க அழுதது. பெரியம்மாவும் வந்திருந்தார். முக்காடு போடவில்லை. காய்ந்த கண்ணோடு, யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்பது போலக் கடைசிவரைக்கும் இருந்து கேட்டார். முடிந்ததும் பாயை உதறிச் சுருட்டிக்கொண்டு என்னருகே வந்தார்.

“நல்லாப் படிச்சாய், மோனை” என்றார்.