ஒத்துக்கறனுங்க!

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் வீடு தரையில் இல்லை!

நிஜமாகத்தான். சிங்காநல்லூரில் எங்கள் தெருவுக்குத் தார் போடும்போதெல்லாம் ரோடு உயர்ந்துகொண்டே போனது. வீடு பள்ளத்தில் நின்றது. ஒரு நல்ல மழைக்கே ஹாலில் கணுக்கால் தண்ணீர். இடித்துக் கட்ட வசதியில்லை. மிச்சமிருந்த ஒரே வழி - ஜாக்கி வைத்து வீட்டையே மூன்றடி தூக்குவது.

பல்லடத்திலிருந்து காண்ட்ராக்டர் செல்வராஜ் வந்தார். இதையே தொழிலாகச் செய்பவர். சுவரைத் தட்டினார், வீட்டைச் சுற்றி வந்தார், "ஒத்துக்கறனுங்க" என்றார்.

எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு மதிப்பு அதிகம். சமையல்காரர் கல்யாணத்தை ஒத்துக்கொள்வார். மேளக்காரர் தேர்த் திருவிழாவை ஒத்துக்கொள்வார். அப்புறம் மறுபேச்சில்லை. உடம்புக்கும் இதே சொல்தான் - "கத்திரிக்கா எனக்கு ஒத்துக்காதுங்க." திருடன் பிடிபட்டாலும் இதேதான் - "ஒத்துக்கிட்டானா?" இத்தனை அர்த்தங்கள் எப்படி ஒரே வீட்டில் குடியிருக்கின்றன?

அஸ்திவாரத்தைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, சுவர்களுக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்தார்கள். செல்வராஜ் விசில் அடித்ததும், பள்ளத்தில் நிற்கும் ஆட்கள் எல்லோரும் ஒன்றாகக் கொஞ்சம் திருகுவார்கள். வீடு நூல் நூலாக, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காக, எழும்பும். நானும் மனைவி சுமதியும் எதிர்வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாதி உயரம் ஏறியிருக்கும். சமையலறை மூலையில் 'மளுக்'கென்று ஒரு சத்தம்.

ஜன்னலுக்கு மேலே விரிசல்... எங்கள் கண்ணெதிரிலேயே நீண்டது.

"எல்லாத்தையும் உட்டுப்போட்டு மேல வாங்க!" செல்வராஜ் அலறினார். ஆட்கள் அடித்துப்பிடித்து ஏறினார்கள். அந்த மூலையில் ஜாக்கிக்கு அடியிலிருந்த மண் அமுங்கிக்கொண்டிருந்தது. சுமதியின் நகம் என் கையில் பதிந்தது.

ஆட்களில் ஓர் இளைஞர் முட்டுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு, "நான் எறங்கறனுங்ணா" என்றார்.

செல்வராஜ் அதைப் பிடுங்கிக்கொண்டார். "நீ வேண்டாங் கண்ணு. ஒத்துக்கிட்டது நானு."

இறங்கிவிட்டார். தலைக்கு மேலே எங்கள் வீடு மொத்தமும்! உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி சத்தம்... அப்பாடா! கட்டைகளை அடுக்கி, இன்னொரு ஜாக்கியை முட்டுக் கொடுத்துவிட்டு, உடம்பெல்லாம் மண்ணோடு வெளியே வந்தார். விரிசல் அதற்கு மேல் வளரவில்லை.

இனி சாக்குதான் வரும் என்று நினைத்தேன். வரத்தான் செய்தது.

"மண்ணு ஒத்துக்கலீங்க..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"இல்லீங்க, மண்ணு மேல பழி போடக் கூடாது. பழைய குப்பைக்குழிய மூடுன எடமாட்டம் இருக்குதுங்க. தோண்டிப் பாத்திருக்கோணும். பாக்காம உட்டுப்போட்டேன். தப்பு என்னுதுங்க."

கத்துவதற்குத் தயாராக இருந்த சுமதி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இப்ப என்னங்ணா பண்றது?"

"இன்னைக்கு ஒரு நூலு கூடத் தூக்க மாட்டனுங்க அம்மணி. அந்த மூலையில கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் தோண்டி கான்கிரீட் போடறேன். அது எறுகுனப்புறம் தூக்கறேன். எம்மேல நம்பிக்கை இருந்தாத்தானுங்க."

என்னைக் கேட்காமலேயே சுமதி தலையாட்டிவிட்டாள். அவர் மழுப்பியிருந்தால்? அந்தரத்தில் நிற்கும் வீட்டோடு வேறு ஆளைத் தேடி அலைந்திருப்போம்.

வீடு இப்போது மூன்றடி உயரத்தில் நிற்கிறது. போன வாரம் கொட்டிய மழையில் தண்ணீர் வாசலோடு போய்விட்டது. வேலையை ஒத்துக்கொள்ள ஊரெல்லாம் ஆள் கிடைக்கும். தப்பு நடந்தால் அதையும் ஒத்துக்கொள்பவர்தான் அந்த வேலையை முழுசாக ஏற்றுக்கொண்டவர்.

இதைப் படித்துவிட்டு சுமதி கேட்டாள். "ஏனுங்க, அந்தக் காலத்துலயே பள்ளத்துல இருந்த இந்த சைட்டை வாங்கலாம்னு ஒத்தக்கால்ல நின்னது யாருன்னு எழுதலியே?"

அதை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை!