அத்தையின் பேஸ் கிட்டாருக்கு இரண்டு கோட் வார்னிஷ்

எங்கள் வீட்டில் வெறும் மரத்தைக் கண்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. முத்தியால்பேட்டையில் அப்பாவுக்குத் தச்சுப் பட்டறை. வீட்டின் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் நாங்கள். பீரோ, கட்டில், கதவு என்று எது அங்கே உருவானாலும் கடைசியில் அதற்கு வார்னிஷ் ஏறியாக வேண்டும். பாலிஷ் போடாத நாற்காலியில் ஒருவரை உட்காரவைப்பது, சட்டை போடாமல் கல்யாணத்துக்குப் போவதற்குச் சமம் என்பது அப்பாவின் கட்சி. அவர் கண்ணில் படாமல் அம்மா சப்பாத்திக் கட்டையை ஒளித்து வைத்திருந்தாள். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், பத்து வயதில் நான் செய்த காரியத்தை நீங்கள் மன்னிக்காவிட்டாலும் புரிந்துகொள்வீர்கள்.

அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, அப்போது எங்களோடுதான் இருந்தாள். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் வந்து இறங்குவாள். முகம் கழுவி, டீ குடித்து, மாடிக்குப் போய்ப் பேஸ் கிட்டாரை மடியில் சாய்த்துக்கொண்டால் அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை அசையமாட்டாள். அந்தக் கிட்டார் அடுத்த தெருவில் இருந்த ஒரு சொல்தா வீட்டிலிருந்து வந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அந்தக் குடும்பம் மொத்தமாகப் பிரான்சுக்குக் கிளம்பியபோது, கட்டில் மேசைகளோடு இதுவும் விலைக்கு வந்தது. பல வருடம் அதை வாசித்த அந்த வீட்டுப் பையன், கிளம்பும் முன் நான்கு நாள் உட்கார்ந்து அத்தைக்குக் கொஞ்சம் காட்டிக்கொடுத்தான். மீதியை அவள் பாட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தானே பிடித்துக்கொண்டாள்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. நாலே நாலு கம்பி, அதுவும் துணி காயப்போடும் கொடி மாதிரி தடிமன். வீணையா, வயலினா, நாலு பேரிடம் பெருமையாகச் சொல்ல? பாட்டில் இது எங்கே இருக்கிறது என்று டார்ச் அடித்துத் தேட வேண்டியிருக்கிறது என்பார். அப்பா தங்கைமேல் உயிரையே வைத்திருந்தவர்தான். ஆனால் பொம்பளைப் பிள்ளை, கச்சேரி, ராத்திரி வேன் என்றெல்லாம் அவர் மனம் எங்கெங்கோ போய்ப் பயந்து திரும்பும். அந்தப் பயத்தை அவர் எப்போதும் கேலியாகத்தான் வெளியே விடுவார்.

அந்த வருடம் லாஸ்பேட்டையில் ஒரு இசைக்குழுவில் பேஸ் வாசிக்கிறவர் துபாய்க்குப் போய்விட்டார். விஜயதசமி அன்று நாலு மணிக்கு வந்து வாசித்துக் காட்டச் சொல்லி அத்தைக்குத் தகவல் வந்தது. நல்ல நாள், புது ஆளைச் சேர்க்க ஏற்ற நாள் என்று அவர்கள் கணக்கு. இரண்டு நாள் அப்பா முடியாது என்றே நின்றார். மூன்றாம் நாள் அப்பா இறங்கி வந்தார்.

"ஒரு தடவ போய்ட்டு வா. அவங்க வாணாம்னுட்டா இதோட உட்டுடணும். கிட்டார யாருக்காச்சும் குடுத்துடணும். சம்மதமா?"

அத்தை தலையாட்டினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கிட்டார் போய்விட்டால் அத்தை என்ன ஆவாள்? எப்படியாவது அத்தையை ஜெயிக்கவைப்பது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆயுத பூஜை அன்று காலை அம்மாவும் அத்தையும் பூ, பொரி, பூசணிக்காய் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனார்கள். அப்பா பட்டறையில் உளி, ரம்பம், இழைப்புளி எல்லாவற்றையும் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பூஜையில் கிட்டாரும் உண்டு. அதைத் துணியால் துடைத்து வைக்கும் பொறுப்பை அத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். துணியால் என்றுதான் சொன்னாள். நான் துடைக்கத்தான் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அதன் முதுகைப் பார்த்தேன். இடது கை பிடிக்கும் அந்த நீண்ட கழுத்தின் பின்பக்கம், நடுவில், வார்னிஷே இல்லை. எத்தனையோ வருடமாகக் கட்டை விரல் ஓடி ஓடித் தேய்ந்து வெறும் மரம் தெரிந்தது. அழுக்கேறிச் சாம்பல் நிறமாகவும் இருந்தது. எனக்கு மானமே போய்விட்டது. தச்சன் வீட்டிலிருந்து இப்படி ஒன்றையா ஊரார் முன்னால் தூக்கிக்கொண்டு போவது? முன்பக்கத்தைத் திருப்பினால், கம்பிகள் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், கம்பிகளுக்கு அடியில் ஒரு அழுக்கு ஸ்பாஞ்சுத் துண்டு செருகிக் கிடந்தது. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு. பாவம், வேலைக்குப் போய்வரும் அத்தைக்கு இதையெல்லாம் கவனிக்க ஏது நேரம் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்பாஞ்சைப் பிடுங்கித் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். வரும்போதே, குனிந்து துடைத்துக்கொண்டிருந்த அப்பாவுக்குத் தெரியாமல், வார்னிஷ் டப்பாவையும் பிரஷ்ஷையும் கையோடு எடுத்துவந்தேன். வெளி ஆர்டருக்கு ஒரு கோட், சொந்தக்காரர்களுக்கு இரண்டு கோட் என்பது அப்பாவின் வழக்கம். நான் இரண்டு கோட் போட்டேன்.

வார்னிஷ் வாசனை எங்கள் வீட்டுக் காற்றிலேயே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சாயங்காலம் பட்டறைச் சுவரில் கிட்டாரைச் சாய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, கதம்பம் சுற்றினேன். முன்பக்கத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்திருந்ததால் அது விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்தது. "நல்லா பளிச்சுன்னு தொடச்சிருக்கா பாரு" என்று அத்தை என் கன்னத்தைக் கிள்ளினாள். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. உளியும் தொடக்கூடாது, கிட்டாரும் தொடக்கூடாது. வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஐப்பசி ஈரத்தில் வார்னிஷ் காய எத்தனை நாளாகும் என்பது அந்தப் பட்டறையில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி முடித்ததும் அத்தை ஆசையாகக் கிட்டாரைத் தூக்கினாள். அது வரவில்லை. கழுத்து சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பலமாக இழுத்தபோது ஒரு சாண் நீளத்துக்கு நீல டிஸ்டெம்பரையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்தது.

அத்தை கழுத்தைப் பிடித்துப் பார்த்தாள். கை பசக் பசக்கென்று ஒட்டியது. ஒரு கம்பியைத் தட்டினாள். கோயில் மணி மாதிரி நீளமாக ஒலித்தது. முன்னெல்லாம் 'தொம்' என்று சொல்லிவிட்டு உடனே வாயை மூடிக்கொள்ளும். எனக்கு இது முன்னேற்றமாகத்தான் பட்டது. அத்தையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்தது.

"பாப்பா, இதுல ஒரு ஸ்பாஞ்சு இருந்துச்சே, எங்கடா?"

சொன்னேன். குப்பை வண்டி எப்போதோ வந்து போயிருந்தது. அத்தை என்னைத் திட்டவில்லை. பட்டறைப் பெஞ்சில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். அம்மா என் காதைத் திருகினாள். திருகாமல் இருந்திருந்தாலும் நான் அழுதிருப்பேன்.

அப்பாவுக்கு இது நல்ல சந்தர்ப்பம். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும், சாயங்காலம் அவர் நினைத்தது நடந்துவிடும். விஜயதசமி அன்று முதல் வேலையாக ஒரு தேக்குத் துண்டை நாலு இழைப்பு இழைத்துச் சாமிக்கு முன்னால் வைப்பார். அந்தத் துண்டைக் கையில் எடுத்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, ஒரு தாள் உப்புத்தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்து தங்கைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எங்க ஒட்டுதுன்னு காட்டும்மா."

முதலில் தின்னர் தொட்டுத் துடைத்தார். அப்புறம் சொரசொரப்பான உப்புத்தாள், அப்புறம் நைசு, அப்புறம் அதைவிட நைசு. ஜென்மத்தில் வார்னிஷ் ஏற்றித்தான் பழக்கம், இறக்குவது இதுதான் முதல் தடவை என்று முனகிக்கொண்டே தேய்த்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அத்தை வாங்கி மேலும் கீழும் கையை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். அப்பாவுக்கு மரம் ஏற்கெனவே கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அத்தைக்குப் போதவில்லை.

"நல்லாத்தானம்மா இருக்குது? கையி வழுக்கிக்கினு போவுதே."

"வழுக்கவும் கூடாதுண்ணா. கட்டவெரலு எங்க நிக்குதுன்னே எனக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அதையே நெனச்சிக்கினு இருப்பேன், பாட்ட உட்டுடுவேன்."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். கேலி எதுவும் வரவில்லை. அவருடைய பழைய இழைப்புளியின் பிடி இருபது வருடத்தில் அவர் உள்ளங்கைக்கு ஏற்றபடி குழிந்துபோயிருந்தது. அதை இரவல் கேட்டு வந்தவர்களை அவர் திட்டி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். மறுபடி குனிந்து தேய்க்கத் தொடங்கினார். இந்த முறை கட்டை விரல் ஓடுகிற தடத்தில் மட்டும், ஆள்காட்டி விரலில் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டு, மெதுவாகத் தேய்த்தார்.

அடுத்தது, கம்பியின் ஒலியை அடக்கிவைக்கும் ஸ்பாஞ்சு. அம்மா புதிதாக ஒன்றை வெட்டிக் கொடுத்தாள். அது விறைப்பாக இருந்ததில் கம்பி செத்துப்போன மாதிரி 'டக்' என்றது. தலையணைப் பஞ்சு வைத்தோம். அது இருப்பதே கம்பிக்குத் தெரியவில்லை. ஒன்றுமே வைக்காமல் வாசித்தபோது, "இது பாட்டுக்கு கத்திக்கினே இருக்குது. அடுத்தது பேசறதுக்கு எடம் உடமாட்டேங்குது" என்றார் அப்பா. அத்தை ஆச்சரியத்தில் வாயைத் திறந்தாள். அதேதான் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டார்ச் அடித்துத் தேடியவர் வாயிலிருந்து அது வந்ததை அவளால் நம்ப முடியவில்லை.

பட்டறைக்குள் போன அப்பா, பாலிஷ் போடும் துணிப் பொட்டலத்தை எடுத்து வந்தார். பஞ்சை உள்ளே வைத்து மெல்லிய துணியால் கட்டியது. வருடக்கணக்கில் பாலிஷ் குடித்து, மெத்தென்றும் இல்லாமல் கெட்டியென்றும் இல்லாமல் பக்குவமாகியிருந்தது. அதை யாரும் தொட்டால் வீடு இரண்டாகிவிடும். கத்தரியால் குறுக்கே வெட்டி, ஒரு துண்டைக் கம்பிகளுக்கு அடியில் அவரே செருகினார். அத்தை தட்டினாள். 'தொம்' என்றது, வட்டமாக, முழுசாக. உடனே அடங்கியது. அத்தை ஒரு பாட்டு முழுவதையும் வாசித்தாள். கழுத்தை ஒரு தடவைகூட அவள் குனிந்து பார்க்கவில்லை. அவள் எழுந்தபோது மணி மூன்றே கால்.

அப்பா ஓட்டிய ஸ்கூட்டரில் நான் முன்னால் நின்றுகொண்டேன், அத்தை பின்னால் கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இசைக்குழுக்காரர் வீட்டு மாடியில்தான் பயிற்சி அறை. அத்தை உள்ளே போனாள். கதவைச் சாத்திவிட்டார்கள். நானும் அப்பாவும் படிக்கட்டின் மேல்தட்டில் நின்றோம். டிரம்ஸ் கேட்டது, கீபோர்டு கேட்டது. அத்தை மட்டும் கேட்கவில்லை.

"அத்த வாசிக்கவே இல்லியாப்பா?"

அப்பா வலது உள்ளங்கையை விரித்துக் கதவின்மேல் பதித்துக்கொண்டு நின்றார். பாட்டு நின்றபோதும் கையை எடுக்கவில்லை. அடுத்த பாட்டு தொடங்கியபோதும் எடுக்கவில்லை. எனக்குக் கால் வலித்தது.

"என்னாப்பா பாக்குற?"

"கதவு. நல்ல தேக்கு."

நானும் கதவைத் தொட்டுக் குனிந்து பார்த்தேன். பலகை 'தொம் தொம்' என்று லேசாக அதிர்ந்தது, டிரம்ஸ்தான் என்று நினைத்துக்கொண்டேன். மழை பட்டு அடிப்பக்கம் உரிந்து, ஒட்டுப்பலகை அடுக்கடுக்காகப் பிரிந்து நின்றது. மேலே காப்பிக்கலர் பெயின்ட். மரத்தூளை முகர்ந்தே பேர் சொல்கிற என் அப்பா, பிளைவுட்டைத் தேக்கு என்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. முந்தின நாள் செய்த தப்புகளே போதும் என்று இருந்தது.

கதவு திறந்தது. அப்பா சட்டென்று கையை எடுத்துச் சட்டைப்பையில் எதையோ தேடினார். அத்தை வியர்வையும் சிரிப்புமாக வெளியே வந்து, "ஞாயித்துக்கெழம பிராக்டீசுக்கு வரச் சொல்ட்டாங்கண்ணா" என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் குதிக்கத் தோன்றியது, குதித்தேன். அப்பா, "சரி, சரி, வண்டில ஏறு, மழ வருது" என்று மட்டும் சொன்னார். மழை ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் காதில் ரகசியமாகச் சொன்னேன், அப்பாவுக்கு மரம் தெரியாமல் போய்விட்டது என்று. அம்மா முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சமையல்கட்டிலிருந்து எட்டி அப்பாவைப் பார்த்தாள். பிறகு, "வயசாவுதில்ல" என்றாள்.

நான் அதை அப்படியே நம்பினேன். அன்றிலிருந்து ஒரு மாதம், பட்டறைக்கு வந்து இறங்கும் ஒவ்வொரு பலகையையும் அப்பாவுக்கு முன்னால் ஓடிப்போய்த் தட்டிப் பார்த்து, இது வேம்பு, இது பிளைவுட் என்று அவருக்குக் கேட்கும்படி சொல்லிவந்தேன். ஒவ்வொரு முறையும் அவர், "அப்பிடியா, நல்லவேள சொன்ன" என்றார்.