மஞ்சள் பட்டை இல்லாத விமானம்

என் மகளுக்கு வலது கண் போன அன்று வானத்தில் இரண்டு விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. இரண்டும் தெர்மாகோலில் செய்தவை. இரண்டுக்கும் வெள்ளி நிறம். அவற்றில் எது அவள் முகத்தில் வந்து மோதியது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் அங்கேதான், டீ பிளாஸ்க்கைத் திறந்தபடி நின்றிருந்தேன்.

எல்லாம் கொரியப் போரில் தொடங்கியது. கல்லூரியில் சேர்ந்த வருடம் அவளுக்கும் சின்னசேலத்துப் பையன் ஒருவனுக்கும் வகுப்பிலேயே சண்டை. அந்தப் போரில் அமெரிக்காவின் சேபர் விமானமும் ரஷ்யாவின் மிக் விமானமும் மோதிக்கொண்டன. எது எதை அதிகம் வீழ்த்தியது என்று இன்னும் முடிவாகவில்லை. இரு தரப்பும் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கின்றன. அவன் சேபர் கட்சி. இவள் மிக். சண்டை முற்றி நட்பாகி, எங்கள் வீட்டுச் சமையலறை வரை வந்துவிட்டது.

"சுடும்போதே கேமரா படம் புடிக்குது. அதுக்கு மேல இன்னாடி ஆதாரம் வேணும்?" என்பான் அவன்.

"கேமராவுல பொகைதான்டா தெரியும். பொகைஞ்சிக்கினே சீன எல்லை ஆத்தைத் தாண்டி வூடு போய்ச் சேந்தவன் எத்தினி பேரு? அவனெல்லாம் உன் கணக்குல செத்துட்டான். அவன் பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்லு."

நான் தோசையைத் திருப்பிக்கொண்டே சிரிப்பேன். பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறவள் நான். ஒரே சண்டைக்கு எப்படி இரண்டு விடை இருக்கும் என்று கேட்டால் இருவரும் சேர்ந்துகொண்டு என்னைக் கேலி செய்வார்கள்.

பிறகு தெர்மாகோலில் ஆளுக்கொரு விமானம் செய்தார்கள். அவள் மிக், அவன் சேபர். வாலில் காகித ரிப்பனைக் கட்டிப் பறக்கவிட்டு, கையில் இருக்கும் ரிமோட்டால் ஓட்டி, அடுத்தவர் ரிப்பனை அறுக்க வேண்டும். அறுத்தால் ஒரு வெற்றி. நைனார்பாளையம் பக்கம் வற்றிக் கிடந்த ஏரியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் இதுதான். யார் எத்தனை அறுத்தார்கள் என்பதில் இருவரும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. "பொம்பளப் புள்ள பிளேன் வுட்டுக்கினு திரியுது, நீயும் டீ போட்டு எடுத்துக்கினு போ" என்பார் கரும்பு வெட்டிலிருந்து வரும் என் கணவர். ஆனால் பேட்டரி வாங்கித் தந்தவரும் அவர்தான்.

நிஜப் போரிலும் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்குமாம். பின்னுக்குச் சாய்ந்த இறக்கை, வண்ணம் பூசாத உலோகம். சொந்த ஆளே சுட்டுவிடக் கூடாதென்று சேபருக்கு மஞ்சள் பட்டை அடித்தார்கள். அவனும் தன்னுடையதில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தான். அன்று அது இல்லை. இவள் சீண்டியதால் உரித்ததாக அவன் சொன்னான். எது அவன் விமானம் என்று தனக்குத் தெரியாமல் இருக்க அவனே உரித்துவிட்டான் என்றாள் இவள்.

கல்வராயன் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும் நேரம். ரிப்பன் இரண்டும் அறுந்து விழுந்துவிட்டன. எது முதலில் விழுந்தது என்று கத்திக்கொண்டே இருவரும் ஓட்டினார்கள். வெயிலுக்கு எதிரே இரண்டும் இரண்டு கறுப்புக் கோடுகளாக இருந்தன. "மேல இருக்கறது என்னுது" என்றாள் இவள். "போடி, மேல இருக்கறதுதான் என்னுது" என்றான் அவன். இருவரும் ஒரே விமானத்தைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் மோதின. ஒன்று கரும்புக்குள் விழுந்தது. மற்றொன்று எங்களை நோக்கி வந்தது.

புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். கண்ணை எடுக்க வேண்டியதில்லை, ஆனால் பார்வை வராது என்றார் டாக்டர். மிச்சமிருக்கும் கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அன்றிலிருந்து அவள் கதவருகே போனாலும், கத்தரிக்கோலை எடுத்தாலும் நான் பின்னாலேயே போய் நிற்கிறேன்.

பையனின் அப்பா போனில் பேசினார். "உங்க பொண்ணு பிளேனு உங்க பொண்ணு மேலயே வுழுந்தா எங்க புள்ள இன்னாங்க பண்ணுவான்?" என் கணவர் போனை வைத்துவிட்டார். ஒரு நாள் பள்ளி முடிந்ததும் நான் தனியாக ஏரிக்குப் போனேன். வாலைப் பார்த்தால் எது யாருடையது என்று தெரிந்துவிடும். மிக்கின் வால் இறக்கை உயரத்தில் இருக்கும், சேபருடையது தாழ்ந்திருக்கும். ஆடுமாடுகள் மிதித்துப்போன இடத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெர்மாகோல் மணிகள்தான் கிடந்தன. கரும்பையும் வெட்டித் தோகையைக் கொளுத்தியிருந்தார்கள்.

பல வாரங்கள் கழித்து அவன் வந்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவன் என்னைப் பார்த்துத்தான் பேசினான்.

"ஆன்ட்டி, இவ மேல வுழுந்தது என்னுதுதான்."

"பொய் சொல்றான்மா. அவனுக்கு எப்டித் தெரியும்?"

"இல்லடி, என்னுதுதான். அன்னிக்கு ரிப்பனும் நீதான் மொதல்ல அறுத்த. அதுக்கு முன்னாடியும் நீதான். எல்லாமே நீதான் ஜெயிச்ச."

எனக்குத் தெரிந்து அவன் ஒரு ரிப்பனைக்கூட அவளுக்கு விட்டுக்கொடுத்ததில்லை. அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தை முழுதாகத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

"கொரியாவுல?" என்று கேட்டாள்.

அவன் தரையைப் பார்த்தான். "அதுலயும் நீ சொல்றதுதான் சரி."

"நீ கெளம்பு."

"ஏய், நான் இன்னா சொல்லிட்டேன் இப்ப?"

"கெளம்புடா."

அவன் போன பிறகு நான் திட்டினேன். வீடு தேடி வந்தவனை இப்படியா அனுப்புவது என்றேன். அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "இனிமே அவன் என்கிட்ட சண்ட போட மாட்டாம்மா."

அடுத்த வாரமும் வந்தான். ஆப்பிள் வாங்கி வந்திருந்தான். என்னிடம் மழை பற்றி, பஸ் பற்றிப் பேசினான். நாற்காலி அவளுடைய வலது பக்கம் கிடந்தது. அதில் உட்காரப் போனவன் என்னவோ நினைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அதைத் தூக்கி, கட்டிலைச் சுற்றிவந்து இடது பக்கம் போட்டு உட்கார்ந்தான்.