‘நீ அதோடு பேசு!’

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், சென்ட் லோரன்டில் என் தம்பி வீட்டு ஹாலில், ஒரு யானைக்குச் சரியான ஏச்சு விழுந்தது. ஏசியவள் தம்பியின் மகள் ஆரணி. வயது நாலு.

யானை டாப்லெட்டுக்குள் இருந்தது. டாப்லெட்டை வாங்கிக் கொடுத்த புண்ணியவதி நான்.

கொஞ்சம் பின்னுக்குப் போய்ச் சொன்னால்தான் விளங்கும். தம்பி சுதனுக்கு வெயார்ஹவுஸில் வேலை. விடியப் போனால் பின்னேரம் வருவான். அவன் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே மனைவி தர்சினி டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரன்ட் குசினிக்குப் புறப்பட்டுவிடுவாள். வார நாட்களில் தகப்பனும் மகளும்தான் வீட்டில்.

ஆரணி கார்டெரிக்குப் போகிறாள். அதுதான், இந்த ஊரில் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம். அங்கே ஆசிரியை ஒருநாள் சுதனைக் கூப்பிட்டிருக்கிறார். பிள்ளை வாயே திறக்கிறாளில்லை, எந்த மொழியிலும் ஒரு முழு வசனம் வருகிறதில்லை, ஒரு நிபுணரிடம் காட்டினால் நல்லது, அதுவரை வீட்டில் உங்கள் மொழியிலேயே அவளோடு நிறையக் கதையுங்கள் என்றிருக்கிறார்.

சுதனின் பிரெஞ்சு ‘போன்ஜூர்’ இல் தொடங்கி ‘மெர்சி’ இல் முடிந்துவிடும். நிபுணர் என்றது விளங்கியிருக்கிறது, மொழி என்றது விளங்கியிருக்கிறது. மிச்சம் போய்விட்டது; அதை நான் பிறகு ஆசிரியையிடம் கேட்டுத்தான் அறிந்தேன். அன்றைக்கே எனக்குப் போன் எடுத்தான்.

“அக்கா... என்ட பிள்ளைக்கு ஏதும் பிழையோ?”

குரல் உடைந்திருந்தது. சும்மா இருப்பேனா? நான் இருக்கும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து காரை எடுத்துக்கொண்டு, டாப்லெட்டும் கையுமாகப் போய் இறங்கினேன். தமிழில் ஒரு கதை ஆப், பிரெஞ்சில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. “இனிப் பார், பிள்ளை பொழிஞ்சு தள்ளுவாள்” என்று ஒரு பிரசங்கம் வேறு. இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான் ஊருக்கெல்லாம் சொல்லும் புத்திமதிகளை நினைத்தால்... சரி, விடுங்கள்.

ஒரு மாதமாக ஆரணி பார்த்தாள்தான். நன்றாகவே பார்த்தாள். சிவப்பைத் தொடு என்றால் சிவப்பைத் தொட்டாள், மாட்டைத் தொடு என்றால் மாட்டைத் தொட்டாள். விரல் பறந்தது. வாய் மட்டும் பூட்டினபடியே இருந்தது.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

நான் சோபாவில் தேத்தண்ணியோடு இருக்கிறேன். தர்சினிக்கு அன்றைக்கும் வேலை; சுதன் குசினியில் வெங்காயம் வெட்டுகிறான். ஆரணி கம்பளத்தில் டாப்லெட்டோடு. தமிழ்க் கதையில் ஒரு குட்டி யானை காட்டில் வழி தவறி நிற்கிறது. ஒரு பெண் குரல், தேன் ஒழுகும் சென்னைத் தமிழில், “பாவம், குட்டி யானை தனியா இருக்கு. நீ அதோடு பேசு!” என்றது. திரையில் ஒரு மைக் படம் மின்னியது.

ஆரணி எழும்பினாள். இரண்டு கையையும் இடுப்பில் வைத்தாள்.

“எத்தினை தரம் சொல்லுறது? நான் களைச்சுப்போய் வந்திருக்கிறன்! தொணதொணக்காமல் போய் டாப்லெட்டைப் பார்!”

தேத்தண்ணி என் மடியில். முழு வசனம்! அதுவும் மூன்று, மூச்சு விடாமல்!

பிறகுதான் விஷயம் பிடிபட்டது. சிரித்துச் சிரித்து வயிறு நொந்துபோயிற்று. ஏன் என்று தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தாருக்கு உரையாடுவது என்றால் ‘கதைப்பது’. ‘பேசுவது’ என்றால் திட்டுவது. “அம்மா பேசுவா” என்றால் பிள்ளை அடுத்த நிமிடம் கட்டிலுக்குக் கீழே. யானையோடு பேசச் சொன்னார்கள்... பேசிவிட்டாள். சொன்ன வேலையைச் செய்தது குற்றமா?

அந்த ஆப்பில் இன்னொரு வித்தையும் உண்டு. பிள்ளை சொன்னதை யானை கீச்சுக் குரலில் திருப்பிச் சொல்லும். சொன்னது. தும்பிக்கையை ஆட்டி ஆட்டி, “எத்தினை தரம் சொல்லுறது? நான் களைச்சுப்போய் வந்திருக்கிறன்! தொணதொணக்காமல் போய் டாப்லெட்டைப் பார்!” என்றது.

குசினியில் கத்திச் சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். சுதன் வாசலில் நிற்கிறான். முகம் செத்துப்போயிருந்தது.

“அது நான் சொல்லுறது, அக்கா. ஒவ்வொரு நாளும் சொல்லுறது. அச்சொட்டா இப்பிடியே... முந்தி டிவியைப் பார் எண்டன், இப்ப டாப்லெட்.”

“பிள்ளைகள் அப்பிடித்தானடா, விடு” என்று மழுப்பினேன்.

“இல்லை அக்கா. அவளுக்குக் கதைக்கத் தெரியுது. நான்தான் கதைக்க விடேல்லை.”

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாள் முழுக்கப் பெட்டி தூக்கியவன் வீட்டுக்கு வந்து கூத்தா போடுவான்? கொஞ்ச நேரம் காலை நீட்டி இருக்க ஆசைப்படாத தகப்பன் எங்கே இருக்கிறான்? அந்தக் கொஞ்ச நேரத்தைத் தருவது இந்த டாப்லெட்தான். அதை நான் வையமாட்டேன் — நான் வாங்கிக் கொடுத்தது என்பதற்காக மட்டும் இல்லை. அந்த யானை இல்லாவிட்டால் சுதன் தன் குரலை எங்கே கேட்டிருப்பான்?

பிழை என்னுடையது. கதை சொல்லும் சாமானைக் கொடுத்தேன். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கவேண்டும் என்பதைச் சொல்ல மறந்தேன். பிள்ளை என்ன சொன்னாலும் யானை திருப்பிச் சொல்லும். ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒரு நாளும் கேட்காது.

சுதன் கையைக் கழுவிக்கொண்டு வந்து கம்பளத்தில் இருந்தான்.

“ஆரணி, யானையைப் பேசக்கூடாதம்மா. பாவமெல்லோ? அதோட கதைக்கவேணும்.”

“என்னண்டு?”

சுதன் யோசித்தான். நாலு வயதுப் பிள்ளை, ‘கதைப்பது எப்படி’ என்று கேட்டால் யாருக்குத்தான் உடனே பதில் வரும்?

“ம்... சாப்பிட்டனியோ எண்டு கேள்.”

கேட்டாள். யானையும் திருப்பி, “சாப்பிட்டனியோ?” என்றது.

“அப்பா, உங்களைக் கேக்குது” என்றாள் ஆரணி.

“நான் இன்னும் இல்லை எண்டு சொல்லு.”

“ஏன்?”

அந்த ‘ஏன்’ பிடித்துக்கொண்டது. ஏன் சாப்பிடவில்லை, ஏன் வெங்காயம், யானைக்கு வெங்காயம் எரியுமா... அன்றைக்கு நாங்கள் சாப்பிட மூன்று மணியாயிற்று.

நிபுணரிடம் இன்னும் முறை வரவில்லை. வரும்போது கட்டாயம் போவார்கள். போகத்தான் வேண்டும். அதற்கிடையில் சுதன் வேலையால் வந்து சோபாவில் காலை நீட்டுகிறான். வயிற்றின்மேல் டாப்லெட், பக்கத்தில் மகள். ஐந்து நிமிடக் கதை முடிய ஒரு மணித்தியாலம் ஆகிறதாம். நடுநடுவே நிறுத்திவிட்டு இருவரும் யானைக்கு வழி சொல்கிறார்களாம்.

நேற்றுப் பின்னேரம் ஒரு சின்ன அலுவலுக்காகச் சுதனுக்குப் போன் எடுத்தேன். முதல் தரம் யாரும் எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். இல்லை. மூன்றாம் தரம் ஆரணி எடுத்தாள்.

“செல்லம், அப்பாட்டைக் குடுங்கோ” என்றேன்.

“மாமி! சும்மா சும்மா போன் எடுக்காதேங்கோ! அப்பா என்னோட எல்லோ கதைச்சுக்கொண்டிருக்கிறார்!”

டக்கென்று வைத்துவிட்டாள்.

இந்த வயதில், இவ்வளவு சந்தோஷமாக, நான் யாரிடமும் பேச்சு வாங்கியதில்லை.