பின்பக்கம் இல்லாத காப்பி

1. டேப் பிடித்த நாள்

முப்பத்தோரு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்தேன். அதில் கடைசி எட்டு வருஷம் ஷீபா மேடத்தின் ஆபீசில். என்னைவிட இருபது வயது இளையவர், அக்கா என்றுதான் என்னைக் கூப்பிடுவார். கோர்ட்டில் வக்கீல் வினோத் வாய்தா கேட்டால் போதும், மேடம் எழுந்து அப்ஜெக்‌ஷன் சொல்லிவிடுவார். வினோத் சாரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. மேடத்தின் அரைப் பக்க மனுவுக்கு நாலு பக்கம் கவுன்ட்டர் போடுவார். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. "இதுகள யாரு கெட்டுவா?" என்று மற்ற குமாஸ்தாக்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

நெய்யூர் பக்கம் ஒரு பாதை வழக்கு வந்தது. எங்கள் கட்சிக்காரி லீலாவின் வீட்டுக்குப் போகும் வழியை முன்வீட்டுக்காரர் கேட் போட்டு அடைத்துவிட்டார். லீலாவின் கணவருக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். முன்வீட்டுக்காரருக்கு வக்கீல் வினோத் சார்.

கோர்ட் நியமித்த கமிஷனர் இடத்தை அளக்க வந்தார். எதிர்க்கட்சி ஆள் டேப்பைத் தொடக் கூடாது என்றார் மேடம். உங்கள் ஆளும் தொடக் கூடாது என்றார் வினோத் சார். கடைசியில் ஒரு முனையை அவரும் மறுமுனையை மேடமும் பிடித்துக்கொண்டு, மழைச் சேற்றில் ஒன்றரை மணி நேரம் நடந்தார்கள்.

"டேப்ப இழுக்காதீங்க மேடம்."

"நீங்க தொய்ய விடாதீங்க."

அளந்து முடிந்தபோது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

2. கேட்காத கேள்வி

இரண்டு மாதம் கழித்து வினோத் சார் எங்கள் ஆபீசுக்கே வந்து, நான் இருப்பதையும் பார்க்காமல் கேட்டார். "இந்த கேஸ் முடிஞ்சதும் வீட்டுக்கு ஆள் அனுப்பட்டா?"

மேடம் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் வக்கீல் வக்கீல்தான். "அனுப்புங்க. ஆனா எனக்காக கோர்ட்ல ஒரு கேள்வி கொறஞ்சாலும் அதோட செரி. லீலா வழக்கு எனக்குப் பிச்சையா வேண்டாம்."

லீலாவுக்காக நாங்கள் தாக்கல் செய்த பாகப்பத்திரத்தின் கடைசித் தாளில், பின்பக்கம், மேற்கே சானலை, அதாவது பாசனக் கால்வாயை, இறங்கிக் கடக்க இன்னொரு வழி உண்டு என்று ஒரு வரி இருந்தது. வேறு வழி இருந்தால் கேட்டைத் திறக்கச் சொல்ல முடியாது என்பதால் எங்களுக்கு ஆபத்தான வரி. லீலாவைக் குறுக்கு விசாரணை செய்யும்போது வினோத் சார் அதைப் பிடிப்பார் என்று மேடம் தயாராக இருந்தார். அவர் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

தனக்காக விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்து மேடம் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். வினோத் சார் போன் செய்தால் எடுப்பதில்லை. இரண்டு வாரம் கழித்து, வரும் ஞாயிற்றுக்கிழமை வேறொரு வீட்டார் பெண் பார்க்க வரச் சம்மதித்துவிட்டார்.

அந்தப் புதன்கிழமை ஆர்க்யூமென்ட்டுக்காகக் கேஸ் கட்டைப் பிரித்தேன். எதிர்த்தரப்புக்குக் கொடுத்த காப்பியோடு சேர்த்து எடுத்த இன்னொரு செட் அதில் இருந்தது. கடைசித் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஜெராக்ஸ் எடுக்கும்போது தாளைத் திருப்பிப் போட மறந்திருக்கிறேன். உண்மை நகல் என்று சீல் வைத்ததும் நான்தான். அதை நம்பி வினோத் சார் ஒரிஜினலைப் பார்க்கவில்லை.

3. நோ அப்ஜெக்‌ஷன்

வெள்ளிக்கிழமைதான் எனக்கு வாய் வந்தது. மேடம் காப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. லீலாவை வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னார். "முழுக் காப்பி கொடுத்தாகணும். அவரு ஒங்கள மறுபடி கூண்டுல ஏத்துவாரு. கேஸ் தோத்தாலும் தோக்கலாம்."

லீலா யோசிக்கவே இல்லை. "உள்ளதத்தானே சொல்லப்போறேன். கேக்கட்டு மக்களே" என்றார், மகளிடம் சொல்வதுபோல.

சாட்சியைத் திரும்ப அழைக்க வினோத் சார் மனு போட்டார். அதன் பின்னால் மேடம் 'நோ அப்ஜெக்‌ஷன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதைப் பார்த்து பெஞ்ச் கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க இருந்தவர்களை மேடம் முன்பே வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

வினோத் சார் ஒரு தயவும் காட்டவில்லை. பதினோரு கேள்வி. கடைசியில், "மேற்கே வழி இருக்கா இல்லையா?"

"இருக்கு வக்கீலே. சானல்ல தண்ணி விட்டா நெஞ்சளவு நிக்கும். டயாலிசிசுக்கு என் மாப்பிளய அதுல எப்படித் தூக்கிட்டுப் போவேன்? நீங்களே சொல்லுங்க."

கேட்டைத் திறக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அன்று மாலை வினோத் சார் வந்தார். "தோத்தாச்சு. இனி ஆள் அனுப்பட்டா?"

"அப்பீலுக்கு முப்பது நாள் டைம் இருக்கே."

"அப்பீலுக்கு என் கட்சிக்காரரு வேற வக்கீலப் பாத்துக்கிடுவாரு."

கல்யாணம் நடந்து நாலு வருஷம் ஆகிறது. இப்போதும் இருவருக்கும் தனித்தனி ஆபீஸ்தான்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கைத்தவறு யாருக்கும் வரும். கண்ட அன்றே சொல்லிவிடுங்கள். புதன்கிழமை கண்டதை நான் வெள்ளிக்கிழமை வரை மறைத்தேன், வேலை போய்விடும் என்ற பயம். நடுவில் வியாழக்கிழமை மேடம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். நான் வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.